பிரித்த தேனீக் குடும்பத்தை மீண்டும் சேர்த்தல்: குமரி மாவட்ட ரப்பர்த் தேன் பருவத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

தேனீ வளர்ப்புக் கையேடுகளில் குடும்பத்தைப் பிரிப்பதற்குப் பல பக்கங்கள் இருக்கும். பிரித்ததை மீண்டும் சேர்ப்பது ஒரு பத்தியில் முடிந்துவிடும். களத்தில் நிலைமை நேர்மாறு. பிரிப்பது எளிது: நாலு அடைகளை ஈக்களோடு எடுத்து இன்னொரு பெட்டியில் வைத்துவிட்டால், மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும். சேர்ப்பதை அப்படி விட்டுவிட முடியாது. ராணி செத்துப்போகலாம். இரு தரப்பும் அடித்துக்கொண்டு வாயிலில் செத்த ஈக்கள் குவியலாம். எல்லாம் ஒழுங்காக நடந்தும், தேன் வரத்து வடிந்த பிறகு குடும்பம் பலம் பெற்று நிற்கலாம். மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது. அதைத் தோல்வி என்று யாரும் கணக்கில் எழுதுவதும் இல்லை.

இக்கட்டுரையின் களம் மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்கள். தேனீ, அடுக்குத் தேனீ என்று நாம் சொல்லும் இந்தியத் தேனீயான ஏப்பிஸ் செரானா இண்டிகா. பெட்டி, பாதிரியார் நியூட்டன் 1911க்கும் 1917க்கும் இடையில் தென்னிந்தியாவில் மக்களுக்குத் தேனீ வளர்ப்பு கற்றுக்கொடுத்த காலத்தில், இந்தச் சிறு தேனீக்கென்று அளவு குறைத்து வடிவமைத்த பெட்டி. அதன் வழி வந்த மார்த்தாண்டம் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம். 1920களில், குமரி திருவிதாங்கூரோடு இருந்தபோது, ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் நடத்திய கிராம மறுசீரமைப்பு நிலையம் தேனீப் பெட்டியைக் குடிசைத் தொழிலாக வீடுகளுக்குக் கொண்டுசென்றது. குடும்பத்தைப் பிரிக்கவும் சேர்க்கவும் நாம் பயன்படுத்தும் முறைகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க வளர்ப்பாளர்கள் ஏப்பிஸ் மெல்லிஃபெரா என்னும் மேலைநாட்டுத் தேனீக்காகக் கண்டவை. அவை செரானாவிடம் எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

கட்டுரையின் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கூட்டம் பிரிந்து போவதைத் தடுக்கக் குடும்பத்தைப் பிரிப்பது ஒரு கைமாற்றுக் கடன். திருப்பித் தரும் நாளைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அதை வாங்க வேண்டும். சேர்க்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் பிரிக்கும் தேதியை முடிவு செய்ய வேண்டுமே தவிர, ராணி அறையைக் கண்ட பதற்றத்தில் அல்ல.

2. குடும்பம் பிரிவதன் இயல்பு

தென்மேற்குப் பருவமழை ஓயும் நேரத்தில் குமரியின் தேனீக் குடும்பங்கள் பெருகத் தொடங்கும். தென்னையில் ஆண்டு முழுவதும் மகரந்தம் உண்டு. மழை விட்டதும் மற்றச் செடிகொடிகளும் சேர்ந்துகொள்கின்றன. ராணி விடாமல் முட்டையிடுகிறது. நவம்பர், டிசம்பரில் குஞ்சு வளரும் அடியறை நிரம்பி வழியும்.

பிரியப்போகும் குடும்பம் முதலில் ஆண் தேனீ அறைகளைக் கட்டும். செரானாவில் இவற்றை அடையாளம் காண்பது எளிது. மூடிய அறையின் முகட்டில் நடுவே ஊசி குத்தியது போல ஒரு சிறு துளை இருக்கும். மெல்லிஃபெராவில் இது கிடையாது. அடுத்து அடைகளின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தொங்கத் தொடங்கும். முட்டையிலிருந்து எட்டாம் நாள் வாக்கில் ராணி அறை மூடப்படும். அதை ஒட்டிய நாள்களில், வெயில் நல்லபடி அடித்தால், பழைய ராணி பாதிக்கு மேற்பட்ட ஈக்களோடு வெளியேறிவிடும். விட்டுவிட்டால் கதை அதோடு முடியாது. முதலில் வெளிவரும் புது ராணியும் ஒரு கூட்டத்தோடு கிளம்பலாம், அடுத்ததும் கிளம்பலாம். மிஞ்சும் பெட்டியில் இரண்டு மூன்று அடைகளை மூடக்கூட ஈ இருக்காது; மெழுகு அந்துப்பூச்சிக்கு அது போதும்.

காரணங்களில் நன்கு நிறுவப்பட்டது ராணியின் மணப்பொருள். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காலின் பட்லர் 1950களில் இதை ஆராய்ந்தார். ராணியைச் சுற்றி நிற்கும் பணித் தேனீக்கள் அதை நக்கியும் உணர்கொம்பால் தொட்டும் ஒரு பொருளைப் பெறுகின்றன. அது ஈக்கு ஈ கைமாறிக் கூடு முழுதும் பரவுகிறது. அது போதிய அளவு கிடைக்கும்வரை புது ராணி வளர்க்கும் எண்ணம் எழுவதில்லை. ஈக்கள் நெருங்கி, அடைகள் அடைபட்டு, பங்கீடு குறைந்தால் ராணி அறைகள் தோன்றுகின்றன. ராணிக்கு வயதானால் சுரப்பே குறைகிறது. இளம் ராணியுள்ள குடும்பம் பிரியத் தயங்குவதற்கு இதுவே காரணம். சேர்க்கும்போது எந்த ராணியை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கும் விடை இதிலிருந்துதான் வரும்.

வாரம் ஒருமுறை ராணி அறைகளைக் கிள்ளிப்போடுவது பல வீடுகளில் வழக்கம். நாலு நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவே. பிரியும் எண்ணம் வந்த குடும்பம் கிள்ளக் கிள்ளக் கட்டும். அந்த நாள்களில் அடை கட்டுவதும் தீவனம் தேடுவதும் மந்தமாகிவிடும், ஒரே ஓர் அறை கண்ணுக்குத் தப்பினால் கூட்டம் மரக்கிளையில். ஈக்கள் தாமே செய்யவிருந்ததை நாம் முந்திக்கொண்டு செய்துவிடுவதே நிலையான தீர்வு. அதுதான் பிரித்தல்.

3. பிரித்த விதமும் சேர்க்கும் விதமும்

பிரிக்கும் முறைகள் பல. சேர்க்கும் நாளில் எவ்வளவு தொல்லை தரும் என்ற ஒரே அளவுகோலில் மட்டும் அவற்றை இங்கே நிறுத்திப் பார்க்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த பேக்டன் பரப்பிய முறையில், பழைய ராணி ஓர் அடையோடு புதுப் பெட்டியில் பழைய இடத்திலேயே இருக்கும். குஞ்சு அடைகளும் ராணி அறைகளும் உள்ள தாய்ப்பெட்டி அப்பால் நகர்த்தப்படும். தீவனத்துக்குப் பறந்த ஈக்கள் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்புவதால் பழைய ராணிக்குக் கூட்டம் கிளம்பிவந்த மாதிரியே ஆகிவிடும். பிரியும் எண்ணம் அடங்கும். சேர்க்கும்போது இதில் ஒரு வசதி: இரு தரப்பும் வயதில் வேறுபட்டவை. நகர்த்திய பெட்டியில் இளம் ஈக்களே அதிகம். இளம் ஈக்கள் சண்டைக்கு நிற்பதில்லை.

நம் பக்கத்தில் அதிகம் கையாளத்தக்கது பாதிப் பெட்டி முறை. குடும்பத்தை இரண்டு பெட்டியில் சமமாகப் பங்கிட்டு, தாய்ப்பெட்டி இருந்த இடத்துக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வாயில் ஒரே திசை பார்க்க வைப்பது. திரும்பி வரும் ஈக்கள் இரண்டிலும் ஏறக்குறைய சமமாகப் புகும். ஒன்றில் கூடுதலாகப் புகுந்தால் அதைச் சற்று விலக்கிவைத்துச் சரிசெய்யலாம். சேர்க்கும் நாளில் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். எந்த ஈக்கும் வழி தவறாது. செரானா வளர்ப்பவர் பிரிக்கும் நாளிலேயே சேர்ப்பதையும் யோசிப்பவரானால் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஸ்னெல்குரோவ் 1934இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கிய பலகை இன்னொரு வழி. இரண்டு பாதியும் ஒரே அடுக்கில், நடுவே கம்பிவலை பதித்த பலகை. பலகையின் ஓரங்களில் திறந்து மூடக்கூடிய சிறு கதவுகள். மேலறையின் பறக்கும் ஈக்களைக் கதவு மாற்றிக் கீழறைக்கு வடித்துக்கொண்டே இருக்கலாம். வலை வழியாக மணம் கலந்துவிடுவதால் சேர்க்கும்போது பலகையை உருவிவிட்டால் போதும். எண்ணத்தில் இதைவிட அழகான ஏற்பாடு இல்லை. ஆனால் கதவைத் திறக்கும் நாள்களைப் பிசகாமல் பார்க்க வேண்டும். நூறு பெட்டியைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுசெல்பவருக்கு அது ஒத்துவராது.

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த டெமரீ 1892இல் விளக்கிய முறை பிரிப்பதே இல்லை. ராணி கீழறையில், குஞ்சு அடைகள் பணித் தேனீ மட்டும் நுழையக்கூடிய ராணித்தடுப்புக்கு மேலே. குடும்பம் ஒன்றாகவே இருப்பதால் சேர்க்கும் கேள்வியே எழாது. மெல்லிஃபெராவுக்குச் செய்த தடுப்பை இதற்கு எடுக்கக் கூடாது. செரானா ராணி சிறியது, நுழைந்து போய்விடும்.

4. சேர்ப்பதன் பயனும் நாள் கணக்கும்

இரண்டாகவே இருந்தால் என்ன? இரண்டு பெட்டியும் தேன் தராதா? தரும், ஆனால் கூட்டிப் பார்த்தால் குறையும். அமெரிக்காவில் ஃபேரர் 1937இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண் கொடுத்தது. 30,000 ஈக்கள் உள்ள ஒரு குடும்பம், 15,000 வீதம் உள்ள இரண்டு குடும்பங்கள் சேர்ந்து தருவதைப் போல 1.36 மடங்கு தேன் தருகிறது. 60,000 உள்ள ஒன்று, 15,000 வீதமுள்ள நான்கைப் போல 1.54 மடங்கு. சிறிய குடும்பத்தில் பெரும்பங்கு ஈக்கள் குஞ்சைக் காப்பதிலும் ஊட்டுவதிலும் கட்டுண்டு கிடக்கின்றன. எண்ணிக்கை கூடக் கூட, ஈக்களின் அளவுக்குக் குஞ்சின் விகிதம் குறைந்து, வெளியே போகும் கைகள் மிஞ்சுகின்றன.

இவை மெல்லிஃபெரா எண்கள். நம் செரானா குடும்பம் அந்த அளவை எட்டாது. எண்ணை அப்படியே எடுத்துவந்து மார்த்தாண்டத்தில் 1.36 மடங்கு என்று சொல்வது பிழை. காரணம் மட்டும் இங்கும் பொருந்தும், என் பார்வையில் இன்னும் அழுத்தமாகவே பொருந்தும்: சிறு குடும்பத்தில் காவலுக்கும் அடைகாப்புக்கும் வேண்டிய குறைந்தபட்ச ஆள் என்று ஒன்று உண்டு; அது போக மிஞ்சுவதுதான் தேன்.

ரப்பர்த் தேனின் இயல்பு இந்தக் கணக்கை இறுக்குகிறது. ரப்பரில் தேன் தருவது பூ அல்ல, இலை. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து, புதுத் தளிர் விரிந்ததும், மூன்று சிற்றிலைகள் காம்போடு கூடும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறுகிறது. இலை முற்றினால் சுரப்பு நின்றுவிடும். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை என்று பொதுவாகச் சொன்னாலும், ரகத்துக்கு ரகம், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நாள் மாறும். இலைச் சுரப்பில் மகரந்தம் கிடையாது. ஆகவே தேன் வரத்துக்கு முன்பே ஈக்கள் பெருகியிருக்க வேண்டும். வரத்து வந்த பிறகு பெருகலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. இன்று இட்ட முட்டை பணித் தேனீயாக வெளிவரச் சுமார் 19 நாள்; அது தீவனம் தேடிப் பறக்க மேலும் ஏறத்தாழ மூன்று வாரம். மார்ச் நடுவில் இட்ட முட்டை தேன் கொண்டுவரும் ஈயாகும்போது தோட்டத்தில் முற்றிய இலைதான் இருக்கும்.

இனி தேதி. வரத்து பிப்ரவரி 1இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த குடும்பம் ஒருமனப்பட ஒரு வாரம் கொடுத்தால், சேர்க்கும் நாள் ஜனவரி 25. அன்றைக்குப் புது ராணி கருவுற்று, முட்டையிட்டு, அதன் குஞ்சு அறைகள் மூடப்பட்டு, அவை பணித் தேனீக் குஞ்சுகள்தான் என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். முட்டையை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. கருவுறாத ராணியும் முட்டையிடும், எல்லாம் ஆண் தேனீயாகப் போகும். மூடிய ராணி அறையோடு பிரித்தால், அது வெளிவர அதிகபட்சம் 8 நாள். முதிர்ந்து கலவிப் பறப்பு முடிய 8. முட்டையிடத் தொடங்க 3. முதல் குஞ்சு அறை மூடப்பட 8. ஆக 27 நாள். டிசம்பர் மழையில் பறப்பு தள்ளிப்போகலாம் என்பதற்கு ஒரு வாரம் சேர்த்தால் 34. ஜனவரி 25லிருந்து பின்னால் எண்ணினால் டிசம்பர் 22. ராணி அறை இல்லாமல், முட்டையும் இளம்புழுவும் உள்ள அடையை மட்டும் கொடுத்து அவையே ராணி வளர்க்கட்டும் என்று விட்டால், வெளிவரவே 12 நாள் ஆகும், மொத்தம் 38, டிசம்பர் 18க்குள் பிரித்தாக வேண்டும்.

இதற்குப் பிறகு ராணி அறை தென்பட்டால்? அப்போது பிரித்துச் சேர்க்கும் வழியை விட்டுவிட்டு டெமரீ முறைக்குப் போவது நல்லது. ஜனவரி முதல் வாரத்தில் குடும்பத்தை இரண்டாக்கிவிட்டு, பிப்ரவரி பாதியில் இன்னும் முட்டையிடாத ராணியோடு நிற்பவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கலாம். பக்கத்துப் பெட்டியில் தேன் அறை நிறைந்துகொண்டிருக்கும்.

5. சேர்க்கைக்கு நிற்கும் தடைகள்

தடைகள் மூன்று: இடம், மணம், ராணி. இடத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பறக்கும் ஈ தன் வாயிலின் இடத்தை மனத்தில் பதித்து வைத்திருக்கிறது. பெட்டிகள் தள்ளி இருந்தால் நாளுக்கு ஓர் அடி, அதாவது 30 சென்டிமீட்டர் வீதம் நகர்த்திப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். மழை நாளில் நகர்த்தினால் அன்று ஈ வெளியே வராது. அந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மணம் நுட்பமானது. ஈயின் உடல்மேல் படிந்த மெழுகுப் பொருள்களின் கலவையே அதன் அடையாளம். அதில் கணிசமான பங்கு சொந்த அடையின் மெழுகிலிருந்து ஒட்டுவது. ஒரே தாய்க்குப் பிறந்தவையானாலும், வெவ்வேறு பெட்டியில் ஒரு மாதம் இருந்தால் காவல் ஈக்கு அவை அயலார்தான். “நேற்றுவரை ஒன்றாக இருந்தவைதானே, அப்படியே கொட்டிவிடலாம்” என்ற நினைப்பு இங்கேதான் அடிபடுகிறது. பிரித்து மூன்று நாலு நாளுக்குள் சேர்ப்பதானால் அந்த நினைப்பு சரி. ஒரு மாதம் கழித்துச் சரியல்ல. தேன் வரத்துள்ள நாளில் காவல் தளரும். வரத்தில்லாப் பஞ்சகாலத்தில் இறுகும். ஆடி மாதம் எளிதில் சேராத இரு குடும்பங்கள் தை மாதம் முணுமுணுப்பின்றிச் சேர்வதைக் காணலாம்.

மூன்றாவது ராணி. இரண்டு ராணிகளையும் விட்டுவைத்து, பலமானது பிழைக்கட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. மெல்லிஃபெரா வளர்ப்பு நூல்கள் சிலவும் இதை ஏற்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. சண்டையில் வென்ற ராணி காயப்பட்டிருக்கலாம். வென்றது பழையதாகவே இருக்கலாம். அதைவிட, மறு தரப்பு ஈக்கள் ராணியைப் பந்தாகச் சூழ்ந்து நெருக்கிக் கொல்லலாம். ஒரு மாதம் காத்து வளர்த்த இளம் ராணியை எதற்காகப் பந்தயம் வைக்க வேண்டும்? பழைய ராணியைக் கையால் எடுத்துவிடுவதே முறை. எடுத்ததை உடனே நசுக்கிவிட வேண்டாம். இரண்டு அடைகளோடு சிறு பெட்டியில் ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். புது ராணியை ஈக்கள் ஏற்காமல் போனால் அதுதான் கைகொடுக்கும்.

6. செய்தித்தாள் முறை, செரானாவுக்கு ஏற்றபடி

இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரு தாள் வைத்து, அவை அதைக் கடித்துத் துளைத்து மெல்லக் கலக்கவிடும் முறை இல்லினாயைச் சேர்ந்த மருத்துவர் சி. சி. மில்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. உலகம் முழுதும் இன்று இதுவே வழக்கு. இதன் அடிப்படை எளிது: சந்திப்பைத் தாமதப்படுத்துவது. துளை பெரிதாவதற்குள் மணம் ஒன்றாகிவிடும்.

சேர்ப்பதற்கு முந்திய நாள் பழைய ராணியை எடுக்க வேண்டும். செரானா ராணி கருத்து ஒடுங்கியது; ஈக்களும் மெல்லிஃபெரா போல அடையில் நிலைத்து நிற்காமல் ஓடும். புகை அதிகமானால் ராணியும் ஓட்டத்தோடு கீழ் மூலைக்குப் போய்விடும். ஒரு ஊது போதும். ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்து இடம் உண்டாக்கிக்கொண்டு, புது முட்டை தெரியும் அடையை வெயிலுக்குப் பிடித்தால், பெரும்பாலும் ராணி நிழல் பக்கத்துக்கு நழுவும். உடனே திருப்பிப் பார்க்க வேண்டும்.

மறுநாள் அந்தி. ஈக்கள் எல்லாம் அடைந்த பிறகு, புது ராணி உள்ள பெட்டியின் மூடியை நீக்கி, அடியறையின் மேல் ஒரே ஒரு தாளை விரிக்க வேண்டும். எந்தக் கட்சிப் பத்திரிகை என்பதில் தேனீக்களுக்கு வேறுபாடு இல்லை. வழவழப்பான வார இதழ்த் தாள் மட்டும் கூடாது, அதைக் கடிக்க அவை படாத பாடு படும். குண்டூசியால் பத்துப் பன்னிரண்டு துளை. தாளில் தேனோ சர்க்கரைப் பாகோ தடவலாம் என்று நூல்கள் சொல்கின்றன. எறும்பு மிகுந்த ரப்பர்த் தோட்டத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. அதன்மேல் ராணியில்லாத அடியறையை அலுங்காமல் இறக்கி, உள்மூடியின் காற்றுத் துளை அடைபடாமல் மூட வேண்டும்.

இங்கே நூல்கள் சொல்லாத ஒரு செரானா சிக்கல் உண்டு. மெல்லிஃபெரா மரப்பிசின் கொண்டுவந்து பெட்டியின் இடுக்குகளை எல்லாம் பூசிவிடும். செரானா பிசின் சேர்ப்பதில்லை. சட்டங்களைப் பெயர்க்க நெம்பத் தேவையில்லை என்பது நமக்கு வசதி. ஆனால் உள்ளூர்த் தச்சர் செய்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இடத்தில் இடுக்கு அப்படியே இருக்கும். மேலறை ஈக்கள் அதன் வழியே வெளியேறி, சுவர் வழி இறங்கி, தாளைக் கடிக்காமலேயே கீழ் வாயிலுக்கு வந்து காவலோடு மோதும். தாளின் ஓரத்தை நாலு பக்கமும் வெளியே நீட்டிவிட்டு, இணைப்பைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசினால் தொல்லை தீர்ந்தது. ஒட்டும் நாடாவும் போதும்.

மறுநாள் காலை வாயில் பலகையைப் பார்த்தாலே உள்ளே நடப்பது தெரியும். நைந்த காகிதத் துணுக்குகள் கிடக்கும். ஓர் ஈ தன் உடல் நீளத் துண்டை இழுத்துவந்து விளிம்பில் தள்ளிவிட்டுத் திரும்பும். துணுக்கு மட்டும் கிடந்தால் நல்லது. கட்டிப் புரளும் ஈ இணைகள், வளைந்து கிடக்கும் செத்த ஈக்கள் தென்பட்டால் வாயிலை இரண்டு ஈ நுழையும் அளவுக்குக் குறுக்கி, வெளியிலிருந்து மெல்லிய புகை கொடுக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை மூன்று நாளாவது அடக்க வேண்டும். அலைக்கழிக்கப்பட்ட செரானா குடும்பம் பெட்டியையே விட்டு ஓடிவிடக் கூடியது. மெல்லிஃபெராவிடம் காட்டும் தைரியம் இதனிடம் செல்லாது. மூன்றாம் நாளுக்குப் பிறகு திறக்கும்போது, ராணியைப் பந்தாகச் சூழ்ந்திருப்பதைக் கண்டால், அந்தப் பந்தை அப்படியே ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் ஈக்கள் பிடியை விட்டுவிடும்.

தாள் இல்லாமலும் சேர்க்கலாம். இரு குடும்பத்துச் சட்டங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக, இடைவெளி விட்டு அகலமான இடத்தில் வெளிச்சத்தில் சிறிது நேரம் நிறுத்தி, ஈக்கள் திகைத்திருக்கும்போது ஒரே பெட்டியில் அடைப்பது ஒரு முறை. கைப்பழக்கம் உள்ளவருக்கே அது.

7. மிகும் சட்டங்கள்

மேலைநாட்டுப் பாடநூல் நம்மைக் கைவிடும் இடம் இது. மெல்லிஃபெரா வளர்ப்பாளர் ஒரே அளவுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே போகலாம். நியூட்டன் பெட்டியில் அடியறை வேறு, தேன் அறை வேறு. தேன் அறைச் சட்டம் உயரம் குறைந்தது. சேர்த்தபின் நம்மிடம் இரண்டு அடியறைகளும் அவற்றின் சட்டங்களும் நிற்கும். அப்படியே விட்டால் ராணி இரு அறையிலும் முட்டையிட்டுச் செல்லும். ரப்பர்த் தேன் குஞ்சு அடைகளின் ஓரங்களில் நிறையும். குஞ்சு அடையைச் சுற்றித் தேன் எடுத்தால் புழுவின் சாறும் கலக்கும். ரப்பர்த் தேனில் இயல்பாகவே ஈரம் மிகுதி, எளிதில் புளிக்கும். இந்தக் கலப்பு அதற்குத் தாங்காது.

ஆகவே தாள் முழுதும் நீங்கிய ஒரு வாரத்துக்குள் சட்டங்களைத் தரம் பிரிக்க வேண்டும். முட்டையும் புழுவும் உள்ளவை, நல்ல மகரந்தம் உள்ளவை ராணியோடு கீழே. மூடிய குஞ்சுள்ளவை மட்டும் மேலே, நடுவே செரானாவுக்கு ஏற்ற ராணித்தடுப்பு. கறுத்த பழைய அடை, காலி அடை எல்லாம் வெளியே. அவற்றை வைத்திருந்தால் அந்துப்பூச்சிக்கு விருந்து. மூடிய குஞ்சு 11, 12 நாளில் வெளிவந்துவிடும். பிறகு மேல் அடியறையையும் எடுத்துவிட்டுத் தேன் அறையை ஏற்றினால், பெட்டி மீண்டும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். உள்ளே ஈ மட்டும் இரட்டிப்பு. தேன் அறையில் அடை கட்டிய சட்டங்கள் கையில் இருந்தால் இந்தப் பலம் உடனே தேனாகும். இல்லையென்றால் முதல் பத்து நாள் மெழுகு கட்டுவதிலேயே போகும்.

இந்தத் தரம் பிரிப்பின்போதே ஒவ்வொரு அடையின் இரு பக்கங்களையும் கீழ் விளிம்பையும் பார்த்துவிட வேண்டும். ராணியை எடுத்த நாளிலிருந்து தாள் நீங்கும்வரை மேலறை ஈக்கள் அவசர ராணி அறை தொடங்கியிருக்கலாம். ஒன்று தப்பினாலும், பிரிவதைத் தடுக்கச் செய்த அத்தனை வேலையும் பிரிவுக்கே வழிவிடும்.

8. சேர்க்கக் கூடாத குடும்பங்கள்

நோயுள்ளதைச் சேர்க்கவே கூடாது. 1991, 1992 வாக்கில் தாய்லாந்துப் பைக்குஞ்சு வைரஸ் கேரளத்திலும் குமரியிலும் செரானா குடும்பங்களின் பெரும்பகுதியை அழித்தது. மூடும் பருவத்துப் புழு நீர் நிறைந்த பையாகித் தலையைத் தூக்கியபடி அறையில் செத்துக் கிடப்பது அதன் அடையாளம். அப்படி ஒரு புழு கண்ணில் பட்டாலும் அந்தப் பெட்டி தனியே இருக்கட்டும். அந்த அழிவில் எஞ்சிய குடும்பங்களிலிருந்தே மீண்டும் பெருக்க வேண்டியிருந்தது. பிரித்துக்கொண்டே போக வேண்டும், சேர்ப்பது இழப்பு என்ற மனநிலை நம் வளர்ப்பாளர்களிடம் ஊன்றியதற்கு அந்தக் காலமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அன்று அது தேவை. இன்று குடும்பத்தையே விற்பவருக்குத்தான் அது லாபம். தேன் விற்பவருக்கு அல்ல.

ராணியை இழந்து பணித் தேனீயே முட்டையிடத் தொடங்கிய குடும்பமும் சேர்க்கைக்கு ஆகாது. செரானாவில் இந்த நிலை மெல்லிஃபெராவைவிட விரைவில் வந்துவிடுகிறது. ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை, பணித் தேனீ அறையில் ஆண் தேனீக் குஞ்சு எனக் கண்டால், அந்த ஈக்கள் நல்ல ராணியையும் கொல்லக்கூடும். புதிதாய்ப் பிரித்த பாதியில் கலவிப் பறப்பு தவறிப்போன ராணியைக் கவனிக்காமல் விட்டால் வந்து சேரும் நிலை இதுவே. நான்காம் பகுதியின் நாள் கணக்கைக் குறித்துவைத்திருந்தால் எந்த நாளில் திறந்து பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

நலிந்த இரண்டைச் சேர்த்து ஒரு பலமான குடும்பம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண். ஏன் நலிந்தன என்பதைக் கண்டு நீக்காதவரை, சேர்ந்த பிறகும் அதே நலிவுதான். நலிந்ததைப் பலமானதோடு சேர்க்கலாம்; பலமானதை நலிந்ததன் ராணியை ஏற்க வேண்டிய கட்டாயத்தில் வைக்கக் கூடாது.

பிப்ரவரி பாதி கடந்த பிறகு, வரத்துக்காக என்று சேர்ப்பதும் பயன் தராது. அப்போது இரண்டையும் தனித்தனியே விட்டு, மழைக்காலத்துக்கு முன் தீவனம் கொடுத்துக் காப்பாற்றுவதே சரியான முடிவு.

இதைப் படிக்கும் வளர்ப்பாளர் வரும் டிசம்பரில் பெட்டியைப் பிரிக்கும்போது, மூடியின் உட்புறத்தில் பென்சிலால் இரண்டு தேதிகள் எழுதிவையுங்கள்: பிரித்த நாள், சேர்க்கும் நாள். இரண்டாவது தேதி ஜனவரியைத் தாண்டிப் போகுமானால், அந்தக் குடும்பத்தை அந்தப் பருவத்தில் பிரிக்காதீர்கள்.